அரிசி மூட்டை இறங்குகிற வாசல்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம், பேட்டரி காரைக் கழுவுகிற வேலையை லூர்துராணி கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் வீட்டு வராண்டா விளிம்பில் வீல்சேரில் உட்கார்ந்தபடி மடியில் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தண்ணீர் விசிறி போல விரிந்து காரின் வெள்ளை முதுகில் விழுந்தது.

"அம்மா, நான் செஞ்சுக்கிறேன். நீங்க சும்மா இருங்க" என்றான் அந்தக் காரை ஓட்டுகிற பிச்சமுத்து.

"சும்மாதான் ஒரு வருஷமா இருக்கேன். நீ போயி எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் வாங்கிட்டு வா. வர்றதுக்குள்ள வண்டி குளிச்சு ரெடியா இருக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கிறது அந்தக் குடியிருப்பு. பெயர் 'கரையோரம்'. உத்தியோகத்தை முடித்து, பிள்ளைகளைத் தூர ஊர்களுக்கு அனுப்பிவிட்டு, இனி மூன்று வேளையும் சமைக்க முடியாது என்று முடிவு கட்டியவர்கள் வந்து சேருகிற இடம். பாதிப் பேர், ராஜகோபுரம் கண்ணில் படுகிற தூரத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் திரும்பி வந்தவர்கள். மீதிப் பேர் லூர்துராணியையும் அவள் கணவர் பாக்கியநாதனையும் போலத் திருச்சிக்காரர்கள். மேலப்புதூரில் மாடி வீட்டில் இருந்தவர்கள் இருவரும். படி ஏற முடியாமல் போனதும் லூர்துராணியே இடம் பார்த்து, அவளே பேசி முடித்து, கரையோரத்தின் கடைசி வரிசையில் வீடு வாங்கினாள். முன்னால் வராண்டா, பின்னால் அவள் கையால் நட்ட கறிவேப்பிலை, சமையலறையில் காபி போட ஓர் அடுப்பு. அது போதும் என்றிருந்தது.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கால் பழையபடி வரவில்லை. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைப்பாள். வெளியே என்றால் வீல்சேர்தான்.

சாப்பாட்டுக் கூடமோ முன்வாசல் பக்கம். கடைசி வரிசையிலிருந்து அங்கே போக நடுவில் ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும். பைபாஸ் ஆன பாக்கியநாதனால் அந்த மேட்டில் வீல்சேரைத் தள்ள முடியாது. அதற்குத்தான் பேட்டரி கார். ஆனால் லூர்துராணிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. இரண்டு செக்யூரிட்டிகள் வருவார்கள். ஒருவன் அக்குளுக்குக் கீழே கை கொடுப்பான், மற்றவன் முழங்காலைப் பிடிப்பான். 'ஒன், டூ, த்ரீ' சொல்லித் தூக்கி சீட்டில் வைப்பார்கள். புடவை கெண்டைக்காலுக்கு மேல் ஏறிக்கொள்ளும். வீல்சேரை மடித்துப் பின்னால் செருகுவார்கள். இறங்குகிற இடத்தில் மறுபடியும் ஒன், டூ, த்ரீ. நல்ல பையன்கள்தான், மரியாதையாகத்தான் தூக்கினார்கள். ஆனாலும் ஒரு வேளைச் சோற்றுக்காகப் போய்வருவதற்குள் நாலு தடவை அடுத்தவர் கையில் தொங்க வேண்டும். அதனால் மத்தியானம் மட்டும் போவாள். காலையும் ராத்திரியும் கேரியரில் வரும்.

"வாழ்நாள் முழுக்கப் பார்சல் புக் பண்ணினேன். இப்ப நானே பார்சல்" என்பாள்.

அது வெறும் பேச்சில்லை. அப்பா ரயில்வேயில் இருக்கும்போதே இறந்துபோக, அவருக்குப் பதிலாக வேலைக்குச் சேர்ந்தவள் அவள். திருச்சி ஜங்ஷன் பார்சல் ஆபீஸ். பூக்கூடை, வாழையிலைக் கட்டு, சாக்குச் சுற்றிய மோட்டார் சைக்கிள், மூச்சுவிட ஓட்டை போட்ட பெட்டியில் கோழிக்குஞ்சு எல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் வண்டி ஏறின. ஆள் குள்ளம், குரல் மட்டும் கடைசி பிளாட்பாரம் வரைக்கும் போகும். முட்டை என்று எழுதிய பெட்டியை யாராவது தலைகீழாக வைத்தால், அன்றைக்கு அந்தச் சுமைகூலிக்காரர் பாடு திண்டாட்டம். ஆயுத பூஜை வந்தால் அங்கே தள்ளுவண்டிகளையெல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பொரிகடலை வாங்குகிற பொறுப்பு வருஷா வருஷம் லூர்துராணிக்கு. மாதா கோயிலுக்குப் போகிறவளிடம் ஏன் பொரிகடலை என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்குக் குழாயைக் கையில் எடுத்தாள். முதுகு முடிந்தது, சக்கரம் முடிந்தது. கைக்கு எட்டிய பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். நவராத்திரிச் சுண்டல் நாலைந்து அடியில் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. ஒரு வேலையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவள். குழாயை உள்ளே விட்டு, சுண்டல் மொத்தமும் வெளியே வருகிற வரைக்கும் அடித்தாள்.

மறுநாள் பூஜை அமர்க்களப்பட்டது. காருக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பக்கத்து வீட்டு ரங்கநாயகி மாமி முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டு இட்டாள். பிச்சமுத்து சார்ஜர் ஒயரை எடுத்துக்கொண்டு வந்தபோது அவள்தான் தடுத்தாள். "பூஜையில வெச்சதைத் தொடப்படாது. அதுவும் ஒரு நாள் ஓய்வா இருக்கட்டுமே."

விஜயதசமியன்று காலை தேங்காய் உடைத்து, எல்லோரும் கைகூப்பி நிற்க, பிச்சமுத்து சாவியைத் திருகினான். கார் அசையவில்லை. மறுபடி திருகினான். எலுமிச்சம்பழம் நாலும் வைத்தது வைத்தபடி இருந்தது. பழமாவது நசுங்கட்டும் என்று நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளினார்கள்.

அரியமங்கலத்திலிருந்து மெக்கானிக் வந்து சீட்டைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தவர், நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"யாருங்க இதைக் குளிப்பாட்டினது?"

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"பேட்டரி கார்ல தலையிலதான் மின்சாரம் இருக்கும்னு நினைச்சேன்" என்றாள் லூர்துராணி. "வயித்துல இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலை."

"ராணி, நிஜத்தைச் சொல்லு. பிடிக்காத வண்டின்னு வேணும்னேதானே அடிச்சே?" என்று ரங்கநாயகி மாமி காதருகே வந்து கேட்டாள்.

"போங்க மாமி. வேணும்னு அடிச்சிருந்தா இதை விட நல்லா அடிச்சிருப்பேன்."

உள்ளே இருக்கிற போர்டு போய்விட்டது, வெளியூரிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார். சிரித்தது அத்தோடு சரி. அன்றிலிருந்து லூர்துராணிக்கு மூன்று வேளையும் கேரியர்.

மூன்று வேளையும் கேரியர் என்றால் கரையோரத்தில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. கூடத்துக்கு வர முடியாமல் அப்படி வாங்குகிறவர்கள் உள் பிளாக்குக்கு மாற வேண்டும் என்பது அங்கே விதி. உள் பிளாக்கில் நர்ஸ் இருப்பார், கட்டிலோரம் அழைப்பு மணி இருக்கும். அடுப்பு இருக்காது. ஆளுக்கு ஓர் அறை. கணவன் மனைவியானால் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

மேனேஜர் அருள்ராஜ் ஒரு சாயங்காலம் வந்து, கொடுத்த காபியைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். துறையூர்ப் பக்கத்து மனிதர். அடுத்தவர் மனம் நோகப் பேசத் தெரியாது.

"உள் பிளாக்குல கிழக்குப் பார்த்த ரூம் ஒண்ணு காலியா இருக்கு மேடம். நல்ல காத்து வரும். மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் டைனிங் ஹாலுக்கு வந்துட்டேன்னா?"

"வந்துட்டீங்கன்னா பேச்சே இல்ல மேடம். ஆனா எப்படி வருவீங்க?"

லூர்துராணி பாக்கியநாதனைப் பார்த்தாள். அவர் காபி டம்ளரின் அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கேரியரைக் கொண்டு வருகிறவள் செல்லக்கிளி. கரையோரத்துக்கு லோடு வண்டி ஓட்டுகிறவள். குட்டி யானை என்று ஊரே சொல்கிற வண்டி. கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், சலவை மூட்டை, மார்க்கெட் காய்கறி எல்லாம் அதில்தான் வரும். வையம்பட்டிப் பக்கம் காய் லோடு அடித்துக்கொண்டிருந்த குடும்பம். கணவர் மார்க்கெட்டில் கடை வேலைக்குப் போய்விட, வண்டி இவள் கைக்கு வந்தது. தலையில் துண்டு கட்டிக்கொண்டு அவள் வண்டியைப் பின்னால் எடுக்கிற அழகைப் பார்க்கவே லூர்துராணி வராண்டாவில் உட்கார்ந்திருப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசை வீடுகளைக் கொள்ளிடத்து வெள்ளத்துக்குப் பயந்து உயரமாகக் கட்டியிருந்தார்கள். செல்லக்கிளி வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து வராண்டா விளிம்பில் ஒட்டி நிறுத்தினாள். பின்பலகையை இறக்கினாள். அது வராண்டாத் தரைமேல் படிந்தது. தண்ணீர் கேனைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். கேன் வண்டியிலிருந்து உருண்டு நேரே வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. யாரும் எதையும் தூக்கவில்லை.

"செல்லக்கிளி, அப்படியே நில்லு."

"என்னம்மா, கேன் ஒழுகுதா?"

"கேன் இல்லம்மா. என்னை ஏத்து."

"உங்களையா? இதுலயா?" செல்லக்கிளி சிரித்துவிட்டாள். "சாமான் வண்டிம்மா இது. நேத்துதான் கருவாடு ஏத்துனேன்."

"நான் கருவாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து உத்தியோகம் பாத்தவ. பின்பலகை என் கனம் தாங்குமா, அதைச் சொல்லு."

"சிலிண்டரே தாங்குது. ஆனா அங்க எப்படிம்மா இறங்குவீங்க? டைனிங் ஹாலுக்கு முன்னாடி இருக்கிற சரிவு தரையிலேர்ந்துல்ல ஆரம்பிக்குது."

லூர்துராணி பின்பலகையையே பார்த்தாள். பார்சல் ஆபீசில் புதிதாக வருகிற ஆட்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. ரயில் பெட்டியின் தளமும் பிளாட்பாரமும் ஒரே உயரம். அதனால் எதையும் தூக்காதே, தள்ளு.

"அரிசி மூட்டையை எங்க இறக்குறே?"

"பின்னாடி, சமையக்கட்டு மேடையில."

"அந்த மேடை என்ன உயரம்?"

செல்லக்கிளி வண்டியைப் பார்த்தாள். வராண்டாவைப் பார்த்தாள். பிறகு லூர்துராணியைப் பார்த்தாள். "இதே உயரந்தாம்மா. மூட்டைய இழுத்தாப் போதும், தூக்க வேணாம்."

"நாளைக்கு மத்தியானம் வா. ரெண்டு மரக்கட்டையும் கெட்டிக் கயிறும் கொண்டுவா. வண்டி காலியா வந்தா ரெண்டு விரக்கடை தூக்கி நிக்கும். தண்ணி கேனை இறக்காம வா, சமமா இருக்கும்."

மறுநாள் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு தயாரானவளைப் பாக்கியநாதன் மேலும் கீழுமாகப் பார்த்தார். கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் முழுக்கைச் சட்டை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்.

"ராணி, எங்க போறே?"

"சாப்பிட. வாங்க."

"அந்த வண்டியிலயா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் இல்லைங்க, நாப்பது பேர். டைனிங் ஹால் ஃபுல்லா இருக்கிற நேரம்."

"அரிசி மூட்டை இறங்குற வாசல்ல என் பொண்டாட்டி இறங்குறதா? நான் வரலை."

செல்லக்கிளி பின்பலகையை இறக்கினாள். அவள் பின்னாலிருந்து தள்ள, வீல்சேர் ஒரு சின்னக் குலுக்கலோடு வண்டிக்குள் போனது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இரண்டு பக்கக் கொக்கிகளிலும் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டினாள். லூர்துராணி முடிச்சை இழுத்துப் பார்த்து, ஒன்றை அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னாள். வண்டி புறப்பட்டது.

முட்டை லோடு ஏற்றியவள்போலச் செல்லக்கிளி ஊர்ந்தாள். மேட்டின் உச்சிக்கு வந்ததும் லூர்துராணி கைப்பிடியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பினாள். பேட்டரி காரில் போகும்போது முன்சீட்டுக்காரர் பின்மண்டைதான் தெரியும். இங்கிருந்து மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. கொள்ளிடத்தில் மணல் திட்டு, அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீர், தண்ணீரில் நாலு மாடு. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஆற்றைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"நிறுத்தட்டுமாம்மா?" என்று செல்லக்கிளி கேட்டாள்.

"வேணாம், சாம்பார் ஆறிப்போகும். வர்றப்ப நிறுத்து."

சமையற்கட்டு மேடையில் வண்டி ஒட்டி நின்றது. அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த பவுனம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். "ஆத்தி! அம்மா, நீங்க என்ன இந்தப் பக்கம்?"

"உங்க கத்திரிக்காயில புழு பாத்து நறுக்குறீங்களான்னு செக் பண்ண வந்தேன். செல்லக்கிளி, தள்ளு, உள்ள போவோம்."

அடுப்புகளுக்கு நடுவே, சாக்குகளைத் தாண்டி, பரிமாறுகிற கதவு வழியாக வீல்சேர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. பேச்செல்லாம் அடங்கியது. முதல் மேஜையில் இருந்த ரங்கநாயகி மாமி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ராணி! பெருமாள் பிரசாதந்தான் மடப்பள்ளியிலேர்ந்து வரும்னு நினைச்சுண்டு இருந்தேன். நீயும்னா எழுந்தருளியிருக்கே!"

கூடமே சிரித்தது. லூர்துராணியும் சிரித்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாகப் புடவை கலையாமல் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டபோது அருள்ராஜ் வந்து நின்றார். முகத்தில் கவலை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அது சாமான் வண்டி. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

"போன மாசம் தூக்குறப்ப அந்தப் பையன் கை வழுக்கி நான் காருக்கும் சேருக்கும் நடுவுல தொங்கினேனே, அதுக்கு யாரு பதில் சொன்னா?"

"அதுக்குத்தான் மேடம் நானும் சொல்றேன். இந்தச் சிரமமெல்லாம் எதுக்கு? சார் போன வாரமே அந்த ரூமுக்குச் சரின்னுட்டாரே."

ரசம் சோற்றில் குளம் கட்டி நின்றது. லூர்துராணியின் கை அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

"எந்த சார்?"

அருள்ராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. "இல்ல மேடம்... உங்ககிட்ட பேசியிருப்பாருன்னு..."

"பேசுவார்" என்றாள் லூர்துராணி. "மோர் கொண்டுவரச் சொல்லுங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது மேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. பாக்கியநாதன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு பாதி சாப்பிட்டிருந்தார். அவள் வீல்சேரை மேஜைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஏங்க, ரூமுக்குச் சரின்னு சொன்னீங்களா?"

அவர் பொரியலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒதுக்கினார். "சொன்னேன்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா நீ வேணாம்பே."

"அப்ப வேணாம்னு தெரிஞ்சுதானே சொல்லியிருக்கீங்க?"

பதில் வந்தபோது குரல் சூப்பிரண்டின் குரலாக இல்லை.

"அன்னைக்கு பாத்ரூம்ல நீ விழுந்து கெடந்தே. நான் ரெண்டு கையையும் குடுத்து இழுத்துப் பார்த்தேன். அசைக்க முடியலை. ஆள் கூப்பிட வாசலுக்கு ஓடுறேன், செருப்புக்கூடப் போடலை. ஆளைக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் நீ ஈரத்தரையிலேயே கெடந்தே. மறுபடி விழுந்தா நான் என்ன பண்ணுவேன் ராணி? என்னால தூக்க முடியாது. அங்கன்னா மணி அடிச்சா நாலு பேர் ஓடி வருவாங்க."

இந்த விஷயத்தை அவர் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைய நாளைப் பற்றி அவள் பேச்செடுத்தால்கூட, டாக்டர் திறமைசாலி என்று வேறு பக்கம் போய்விடுவார். லூர்துராணி மேஜைமேல் கையை வைத்தாள். அவர் கையைத் தொடவில்லை. ஊறுகாய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தூக்க வேணாம்னுதானே இவ்வளவும் பண்றேன்" என்றாள். "பாத்ரூம்ல நாளைக்கே கைப்பிடி போடச் சொல்றேன். அந்த மணியை இங்கயும் ஒண்ணு மாட்டச் சொல்லுவோம். மணி அடிக்கிறதுக்காக ஆளுக்கொரு வீட்டுல இருக்கணுமா?"

"ஆனா அந்த வண்டி..."

"வண்டியில என்ன?"

"அசிங்கமா இருக்கு ராணி. கயிறு போட்டுக் கட்டி..."

"ரெண்டு பேர் தூக்குறது அழகா இருந்துச்சா?"

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. அருள்ராஜிடம் சரி சொன்னவர் அவர். இல்லை என்பதையும் அவர் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டாள். தானே போய்ச் சொன்னால் அவர் ஆபீஸ் வாசலில் தலை நிமிர்ந்து நடக்க மாட்டார். அது அவளுக்குத் தெரியும்.

ஆனால் மறுநாள் மத்தியானமும் போனாள். அதற்கு மறுநாள் காலை இட்லிக்கே போனாள். அருள்ராஜ் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு சமையற்கட்டு மேடையில் நின்று, வண்டி வருவதையும், பலகை இறங்குவதையும், வீல்சேர் உருண்டு உள்ளே போவதையும் பார்த்தார். பிறகு தானே ஒரு வீல்சேரைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உட்கார்ந்து, கடைசி வரிசை வரைக்கும் போய்வந்தார். இறங்கியதும் அரியமங்கலத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அந்த வாரமே வண்டிக்குள் இரண்டு பக்கமும் கம்பி வந்தது. கயிற்றுக்குப் பதில் பூட்டுகிற பெல்ட் வந்தது. நடக்க முடிகிறவர்களுக்கு ஓரமாக ஒரு பெஞ்சும், மேலே ஒரு கூரையும் வந்தன. கருவாடு இனிமேல் தனி நாளில் என்று பவுனம்மாள் ஒத்துக்கொண்டாள்.

பெஞ்சில் முதலில் ஏறியது ரங்கநாயகி மாமி. அவளுக்கு முழங்கால் மடங்காது. பேட்டரி காரின் தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க அவள் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை.

"இதுல நின்னுண்டே வரலாம்போல இருக்கேடீ. மதில் தாண்டித் தெரியறதே! அதோ பாரு, கோபுரம். இங்கேர்ந்தே சேவிச்சுக்கலாம்."

"சேவிங்க மாமி. ஆனா கையைக் கம்பியிலேர்ந்து எடுக்காதீங்க."

"கம்பியைப் பிடிச்சுண்டு எப்படிடீ சேவிக்கறது?"

"பெருமாளுக்குத் தெரியும், விழுந்தா உங்களைத் தூக்க ஆள் இல்லைன்னு."

செல்லக்கிளி முன்னாலிருந்து சத்தமாகச் சிரித்தாள். பத்து நாளில் கடைசி வரிசையில் கேரியர் வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான். பாக்கியநாதன். அவர் தினமும் வராண்டாவின் ஓரத்தில் நின்று, பெல்ட் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். வண்டி மேட்டில் மறைகிற வரைக்கும் நிற்பார். பிறகு உள்ளே போய்த் தனியாகச் சாப்பிடுவார்.

மாசக் கடைசியும் வந்தது. முந்தின நாள்தான் பேட்டரி காருக்குப் போர்டு வந்து, பிச்சமுத்து அதை ஓட்டிக்கொண்டு குடியிருப்பையே மூன்று சுற்றுச் சுற்றி வந்திருந்தான்.

"கார் சரியாயிடுச்சாமே" என்றார் பாக்கியநாதன் காலைக் காபியின்போது. "இனி அதுலயே போகலாம்ல?"

"மத்த வரிசையில இருக்கிறவங்க போகட்டும். படி இறங்க முடியிறவங்களுக்கு அது நல்ல கார்."

"நீ?"

"எனக்கு பிளாட்பாரம் இருக்கு."

பத்து மணிக்கு அருள்ராஜ் போன் செய்தார். பாக்கியநாதன்தான் எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் லூர்துராணிக்கும் கேட்டது. "சார், அந்த ரூமை என்ன செய்ய? ஒருத்தங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்." பாக்கியநாதன் "நேர்ல வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று அவள் கேட்கவில்லை. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். புடவை மாற்றினாள். தலை வாரிக்கொண்டாள்.

மத்தியானம் வண்டி பின்பக்கமாக வருகிற சத்தம் கேட்டது. பின்பலகை வராண்டாவில் படிந்தது. ரங்கநாயகி மாமி ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்து யாரையோ வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். செல்லக்கிளி ஒரு ஹாரன் அடித்தாள்.

லூர்துராணி வீல்சேரைப் படுக்கையறை வாசலில் நிறுத்தி உள்ளே பார்த்தாள். பாக்கியநாதன் முழுக்கைச் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தார். மறு கை வெளியே தொங்கியது. அந்தக் கோலத்திலேயே குனிந்து கட்டிலுக்கு அடியில் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வண்டி வந்துடுச்சு. நீங்களும் வந்து அருள்ராஜ்கிட்ட சொல்றீங்களா, இல்ல உங்களுக்குக் கேரியர் அனுப்பச் சொல்லட்டுமா?"

பாக்கியநாதன் கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை இழுத்துக் காலில் மாட்டினார். இரண்டாவது ஹாரன் கேட்டது. லூர்துராணி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பி, அறையைவிட்டு வெளியே உருண்டாள்.